பின்சீட்டுக்கு ஆகாத சக்கரம்

தன் காரின் பின்சீட்டிலிருந்து மச்சினனை இறக்கியே தீருவது என்று பல்லுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தார். சும்மா இறக்கினால் போதாது. சண்டை வரக் கூடாது. மனைவியின் முகம் கோணக் கூடாது. பழி தன் மேல் விழவே கூடாது.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரித்தார்கள். அவர் மட்டும் சொந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தார்.

கார் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் இரண்டு சீட். பின்னால் இருப்பதைக் காரைச் செய்தவன் சீட் என்கிறான். பார்க்கிறவர்கள் பை வைக்கும் இடம் என்பார்கள். வேறு யாரோ ஓட்டித் தள்ளிய வண்டிதான். ஆனால் அதை அவர் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் மனைவியோடு பேசினால் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் பேச வேண்டும். காலையில் அவளை ஆபீஸில் விடப் போகும்போது மட்டும் அவள் வேறு ஆளாக இருப்பாள். மேனேஜர் நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டுவாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் கார் வைத்திருந்தார். அதைக் கேட்காத நாள் அவருக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

"வீடு கிடைக்கும் வரைக்கும்" என்று மச்சினன் வந்து தங்கினான். அக்காவின் ஆபீஸிலேயே வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை, பின்சீட் கிடைத்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். முட்டி இரண்டும் ஓட்டுகிறவர் முதுகில் வந்து அழுந்தும். வாய் அவர் காதுக்கு அருகில் இருக்கும்.

"மாமா, சிக்னல் மஞ்சள் ஆயிடுச்சு."

"பாத்தேன்."

"மாமா, அந்த வேன்காரன் உள்ள வர்றான்."

"பாத்தேன்பா."

"அக்கா, மாமா நிஜமாவே பாத்தாரா?"

"பாத்திருப்பாருடா. நீ சொல்லு, அந்த டைப்பிஸ்ட் என்ன சொன்னா?"

பிறகு அக்காவும் தம்பியும் ஆபீஸ் கதை பேசுவார்கள். பல்லுக்காரர் சம்பளமில்லாத டிரைவராகி, அவர்களை இறக்கிவிட்டு, வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பித் தன் லேபுக்குப் போவார்.

யோசனை தொழிலிலிருந்தே வந்தது. நல்ல பல் செட் பேசும்போது எங்கேயும் இடிக்காது. கடிக்கும்போது மட்டும் மேலும் கீழும் சேரும். சக்கரமும் அப்படி இருந்தால்? இரண்டு பேர் போகும்போது இடிக்காமல், மூன்றாவது ஆள் ஏறினால் மட்டும் கடித்தால்? அன்று சாயங்காலமே அலாய் வீல் கடைக்குப் போனார்.

"அகலமான வீலா வேணுமா சார்? போடலாம். கொஞ்சம்கூட உரசாம அளவெடுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு உரசணும்."

"சார்?"

"முன்னாடி ரெண்டு பேர் இருந்தா உரசக் கூடாது. பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா உரசணும். மெதுவா இல்ல. காதுல விழற மாதிரி."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அளவு சொல்றவங்கள நிறையப் பாத்திருக்கேன் சார். சத்தம் சொல்றவர இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மறுநாள் லேபிலிருந்து அச்செடுக்கும் மாவு மூட்டைகளை, மச்சினன் எடைக்குச் சமமாக, கடைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அவற்றைப் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். பல் செட் மெழுகைச் சூடாக்கி மட்கார்டின் உள்பக்கம் அப்பினார். வீலை மாட்டி, வேகத்தடை மேல் ஏற்றி இறக்கி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் வீலுக்குப் போல்ட் துளையே பொருந்தவில்லை. இரண்டாவது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, மூட்டை இல்லாதபோதே உள்ளே இருந்த ஸ்பிரிங் கம்பியில் இடித்தது. மூன்றாவது சரியான அளவுக்கு வெளியே தள்ளி நின்றது. மூட்டை இல்லாமல் போனால் மெழுகு பளிங்கு மாதிரி இருந்தது. மூட்டையோடு போனால் டயரின் வரிகள் பல் பதிந்தது போல் வரிசையாக விழுந்திருந்தன. தன் ஆயுளில் செய்த எந்தச் செட்டும் ஒரு வாயில் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை என்று அவருக்குக் கண் கலங்கியது.

இனி மனைவியின் சம்மதம் வேண்டும். அவள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு அடுப்படிக்குப் போனார்.

"காருக்கு வேற வீல் போடலாம்னு இருக்கேன்."

"போடுங்க."

"ஏன் எதுக்குன்னு கேக்கலையே?"

"உங்க வண்டி. நான் என்ன, ஓட்டவா போறேன்? லைசென்ஸ் எடுத்து பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன்."

"உனக்கு இன்னும் கை பழகல."

"ஓட்டினாத்தானே பழகும்?"

"பழகினதும் ஓட்டலாம்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. கலரையாவது நான் பாக்கிறேன். நானும் கடைக்கு வர்றேன்."

வந்தாள். பல்லுக்காரர் உள்ளே போய்ப் புது போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். திரும்பி வந்தபோது மனைவியும் கடைக்காரரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அவரைக் கண்டதும் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த வீலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இந்தக் கறுப்பு நல்லா இருக்குங்க. இதையே போட்டுடலாம்" என்றாள் மனைவி. "பழைய வீலை வீட்ல எங்க வைக்கிறது? அதை இங்கயே தள்ளிவிட்டுடுங்க."

பல்லுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் போகும் வழியை அவளே அடைத்துக் கொடுக்கிறாள்! இவளைப் போய் விவரமானவள் என்று இத்தனை வருஷம் பயந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை மச்சினன் வழக்கம்போல் மடங்கிப் பின்னால் ஏறினான். தெருமுனையில் வேகத்தடை வந்தது.

கர்ர்ர்ர்.

பல்லுக்காரர் காரை ஓரம் கட்டினார். இறங்கினார். சக்கரத்தின் அருகில் முழங்கால் போட்டார். எழுந்தபோது அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை இருந்தது.

"என்ன மாமா?"

"பின்னாடி வெயிட் தாங்கல மாப்ளே. டயர் மட்கார்டுல கடிக்குது. இப்படியே போனா வெடிச்சாலும் வெடிக்கும்."

"பழைய வீலை மாட்டிடலாமே?"

"அதான் குடுத்தாச்சே."

மனைவியும் இறங்கி வந்தாள். "அப்ப இனிமே பின்னாடி யாருமே உக்காரக் கூடாதா?"

"கூடாது."

"ஒல்லியா இருந்தாலும்?"

"ஒல்லி, குண்டெல்லாம் கிடையாது. மூணாவது ஆளே கூடாது. ரெண்டே பேர்."

மச்சினன் சிரமப்பட்டு வெளியே வந்தான். பாவம், முகம் சுருங்கியிருந்தது. "பரவாயில்ல மாமா. நான் பஸ்ல போய்க்கிறேன்."

பல்லுக்காரர் அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். காரியம் முடிந்துவிட்டது. ஆனால் ஜெயித்தவருக்குக் கொஞ்சம் நல்ல பேரும் வேண்டியிருந்தது. மச்சினனின் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, எனக்கு மனசு கேக்கலடா. ஒரு சீட்டு விட்டுக் குடுக்கிற விஷயமா இருந்தா, என் சீட்டையே உனக்குக் குடுத்துட்டு நான் பஸ்ல போயிருப்பேன். என்ன பண்றது? அதுக்கும் வழி இல்லையே!" குரல் தழுதழுத்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மாமா!" என்று மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டான். அந்தப் பிடியில் அவர் விலா எலும்பு முனகியது.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "மனசாரத்தான் சொல்றீங்களா?"

"பின்னே? உன் தம்பி எனக்கும் தம்பி இல்லையா?"

"அப்ப வழி இருக்கு" என்று அவள் கையை நீட்டினாள். "சாவி."

"எதுக்கு?"

"நானும் அவனும் போறது ஒரே ஆபீஸ். நீங்க போறது பாதி வழி. உங்க லேப் வாசல்லயே பஸ் நிக்குது. ரெண்டே பேர்னு நீங்கதான் சொன்னீங்க. சீட்டு தர்றேன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"உனக்குக் கை பழகலையேம்மா..."

"தினமும் ஓட்டினா பழகிடும். முன்னாடி ரெண்டு பேர் போனா இந்த வீல் எங்கயும் தொடவே தொடாதுன்னு கடைக்காரர் சத்தியம் பண்றாரு. மூட்டைக்கெல்லாம் பெல்ட்டு போட்டு, மெழுகு ஒட்டிப் பாத்தீங்களாமே? இவ்வளவு அக்கறையா யாருங்க அளவு பாப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம். ஊரார் வாய்க்கெல்லாம் பொருத்தம் பார்த்தவர் தன் வாய்ச்சொல்லிலேயே கச்சிதமாக மாட்டிக்கொண்டார். சாவியைக் கொடுத்தார். அவள் ஓட்டுகிற சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் வருஷக்கணக்காகத் தொடாமல் வைத்திருந்த கண்ணாடி அது. பக்கத்துச் சீட்டில் மச்சினன் முதன்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

மறுநாள் பல்லுக்காரர் பஸ் ஸ்டாப்பில் நின்றார். கறுப்புச் சக்கரங்கள் தெருமுனையில் திரும்பின. வேகத்தடையில் ஏறின, இறங்கின. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. மச்சினன் ஏதோ சொல்ல, கண்ணாடி இறக்கிய ஜன்னல் வழியாக மனைவியின் சிரிப்பு மட்டும் கேட்டது. அதே சிரிப்புதான்.

கார் அவர் முன்னால் வந்து நின்றது. ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போல் இருந்தது. மச்சினன் இறங்கப்போகிறான் என்று நினைத்து, அவர் ஓடிப்போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

மனைவி உள்ளேயிருந்து குனிந்து பார்த்தாள். "என்னங்க, நல்லவேளை நின்னுட்டிருந்தீங்க. பெட்ரோல் பங்க்ல கேப்பாங்க. டயருக்குக் காத்து எவ்வளவு வைக்கணும்?"

பல்லுக்காரர் கைப்பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்தார். காரைப் பற்றி யார் கேட்டாலும் தப்பாகச் சொல்ல அவருக்கு வராது.

"ரெண்டு பேர்தானே?" என்றார். "முப்பத்திரண்டு போதும்."