கவலை மாடும் கார் இன்ஜினும்

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை நாலு தடவை கழற்றிப் பூட்டியிருந்தேன். (அதில் இரண்டு தடவை மோட்டார் ஓடவும் செய்தது.) பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் வடகரப்பதியில் இஞ்சினியர் என்று பெயர் வாங்க அது போதும். கூப்பிட்டவர்கள் கிண்டலாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மச்சானுக்குப் போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பழைய சிவப்புக் கார் அவரிடம் இருந்தது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. தலைதீபாவளிக்கு அதில்தான் வந்தார்கள். வந்து நின்றபோது முன்னால் புகை, பின்னால் புகை, நடுவில் அக்கா.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "எஞ்சின் இறக்காதே ஒண்ணும் பறயான் பற்றில்லா" என்று கையைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினை வண்டியிலிருந்து வெளியே எடுத்து இறக்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று அர்த்தம். கோயமுத்தூருக்கு இழுத்துப் போகலாம் என்றார் மச்சான்.

"எதுக்குங்க கோயமுத்தூரு? எந்தம்பி ஊட்டுலயே எறக்கிருவானுங்க" என்றாள் அக்கா.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் புருஷனிடம் அடித்துச் சொன்ன முதல் பேச்சு அது. அது பொய்த்தால், இனி அந்த வீட்டில் அவள் வாய்க்கு மதிப்பிருக்காது. எனக்கு அது புரிந்தது. புரிந்துகொண்டே, "ஆமாங்க மச்சான், ரண்டு நாள் வேலை" என்றேன்.

நாலு நாள் ஆனது, போல்ட்டுகளைக் கழற்றவே. (எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. ஞாபகம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.) இனி இன்ஜினைத் தூக்க வேண்டும். மெக்கானிக்குகள் சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக் இல்லை. ஆனால் எங்கள் கிணற்றில் கவலை இறைக்கும் மாடு இருந்தது. கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் மாடு நடந்தால், உருளைமேல் வடம் ஓடித் தண்ணீர்ச் சால் மேலே வரும். மாடு வாரியின் அடியைத் தொட்டதும் சால் தண்ணீரைக் கொட்டும். மாடு திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து ஏற, சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். சாலுக்குப் பதில் இன்ஜின், அவ்வளவுதானே?

வாரியோரப் புளியங்கிளையில் உருளையைக் கட்டி, அடியில் காரை நிறுத்தினேன். மாடு அடியைத் தொடும்போது இன்ஜின் காருக்குமேல் தொங்கும்படி வடத்தை அளந்து கட்டினேன். முன்கண்ணாடியையும் மடக்கிவிட்டேன். அந்தக் கணக்கை நினைத்து நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

மாடு ஓட்ட வந்தவன் பங்காளி பழனிச்சாமி. "ஏண்டா, நடுவுல எங்கியாச்சும் நிக்கோணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். தெனமும் ஓட்டற மாதிரியே ஓட்டு" என்றேன்.

மச்சான் காபி டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழனிச்சாமி வழக்கம்போல வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து மாட்டை அதட்டினான். மாடு இறங்கியது. இன்ஜின் ஒரு முறை ஆடி, மேலே வந்தேவிட்டது! "பலே மாப்ளே!" என்று மச்சான் எழுந்துவிட்டார். அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

இனி காரை விலக்க வேண்டும். பின்னால் தள்ளியிருந்தால் இன்ஜின் வெளியே வந்திருக்கும். பின்னால் கிணற்று மேடு. அதனாலென்ன, முன்னால் தள்ளிவிடலாம் என்று தள்ளினேன். இன்ஜினுக்கு அடியில் டிரைவர் சீட் வந்து நின்றது.

வாரியின் அடியில் மாடு ஒரு மூச்சு நின்றது. அதைப் பொறுத்தவரை சால் கொட்டியாகிவிட்டது. பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன்.

"நிக்க மாட்டேங்குதுடா! தெனமும் ஓட்டற மாதிரின்னு நீதானடா சொன்னே!"

இன்ஜின் அவசரப்படவில்லை. நிதானமாக இறங்கி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது. சீட் முனகியது. அப்புறம் சீட்டோடு காரின் தரையைப் பிய்த்துக்கொண்டு மண்ணுக்குப் போனது.

மச்சான் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். "ஏனுங்க மாப்ளே, இன்ஜினுக்கே வண்டியோட்டக் கத்துக்குடுக்கறீங்களா?" என்றார். பழனிச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?" என்றாள்.

பூமி பிளந்து என்னையும் விழுங்கியிருக்கலாம். இன்ஜினுக்கு மட்டும்தான் அந்த அதிர்ஷ்டம்.

கார் லாரியில் கோயமுத்தூர் போனது. அக்கா பஸ்ஸில் மலையேறினாள். பொங்கல் வரை எனக்குக் கடிதாசி இல்லை. வந்த கடிதாசியிலும் மாடு சௌக்கியமா என்றுதான் கேட்டிருந்தாள்.

இன்று அக்காவுக்குப் பேரன் பேத்திகள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனால் என்னைப் பற்றி அவள் எது சொன்னாலும் மச்சான் சிரிப்பார். அங்கே மிக்ஸி நின்றாலும் சரி, ஃபேன் நின்றாலும் சரி, முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

"தம்பி, எங்கீடா இருக்கறே?"

"ஊட்டுலதானுங்க்கா. வரட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி! மெக்கானிக்கு வந்துட்டுப் போற வரைக்கும் அங்கியே இரு."