'யோசித்துச் சொல்கிறேன்' என்ற பொத்தான்

ஹிகாஷி ஒசாகா,
இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும் மழைக்காலம்

அன்புள்ள மைத்துனர் ஒகுனோவுக்கு,

நிஷிவாகி எழுதுவது. இங்கே கடைசல் இயந்திரங்களும் உன் அக்காளும் நானும் இந்த வரிசைப்படியே சுகம். சாக்காய் ஊரில் நீ சுகமா என்பதைவிட, உன் முலாம் தொட்டிகள் சுகமா என்று அறியத்தான் அதிக ஆவல். காரணம் பின்னால் வரும்.

என் பட்டறையில் பாதிக்குமேல் கோபே பம்பு கம்பெனியின் வேலைதான் என்பது உனக்குத் தெரியும். அவர்கள் பம்புக்குள் சுழலும் ஒரு புதுத் தண்டின் வரைபடத்தைக் கொடுத்து, மழை ஓய்வதற்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குக் கடையத்தான் தெரியும். சூடேற்றிக் கடினமாக்க ஒருவர், அரைக்க ஒருவர், முலாம் பூச ஒருவர் வேண்டுமே. முன்பெல்லாம் சைக்கிள் கூடையில் வைத்துத் தெருவுக்குள்ளேயே பட்டறை பட்டறையாகச் சுற்றிவிட்டு வருவோம். இப்போது பாதித் தெரு கார் நிறுத்துமிடம். வேறு வழியில்லாமல் பட்டறைக்காரர் சங்கத்தின் கம்ப்யூட்டர் கூட்டில் சேர்ந்தேன். ஒரே ஒரு வேலைக்காக நாலு பட்டறை சேர்ந்து ஒரு கம்பெனியாகும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். படத்தைப் போட்டதும் அதுவே தகுந்த ஆட்களைத் தேடிக் கேட்டது. பதில் சொல்ல மூன்று பொத்தான்கள்: சரி, முடியாது, யோசித்துச் சொல்கிறேன். நம் ஊரில் எவன் நேருக்கு நேர் முடியாது என்பான்? மூன்று பேரும் ஒரே குரலாக யோசித்துச் சொல்கிறேன் என்று அழுத்திவிட்டார்கள். பட்டறையை மூட வேண்டியதுதான் என்று உன் அக்காளிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மூளை வைத்தவன் டோக்கியோக்காரன். மறுக்கவில்லை, யோசிக்கிறார்கள், ஆகவே வருவார்கள் என்று அது மூவரையும் சேர்த்துக்கொண்டு நாள் குறித்துவிட்டது. நான் அதைத் திருத்தப் போகவில்லை; வியாபாரியல்லவா? கடைந்து முடித்ததும் அது அனுப்பிய லாரி தண்டுகளை என் வாசலில் ஏற்றி, பக்கத்து வாசலில் இறக்கியது. சூடேற்றும் ஆள் வேறு யாருமில்லை, தத்சுமி! என் வாசலை மறித்து ஃபோர்க்லிஃப்டை நிறுத்திய சண்டையிலிருந்து பல வருடமாக முகம் பார்க்காத அதே தத்சுமி. கையில் தண்டோடு வந்து நின்றான்.

"ஏய்யா, நான்தான் மாட்டேன்னு சொன்னேனே!"

"எங்க சொன்னே? யோசிச்சுச் சொல்றேன்னுல்ல சொன்னே?"

"அப்படின்னா மாட்டேன்னு அர்த்தம்னு ஒசாகாப் பூனைக்குக்கூடத் தெரியுமேய்யா!"

"டோக்கியோ கம்ப்யூட்டருக்குத் தெரியலியே. நான் என்ன பண்ண?"

சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. போகும்போது, "ஓரத்த ஏன்யா இவ்வளவு கூரா விட்டிருக்கே? கை கிழியுது" என்றான். நம் ஊரில் அதுதான் சம்மதம்; மற்ற இருவர் கதையும் இதேதான்.

மச்சான், அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! அரைக்கிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வேலை தள்ளிப்போனது. நான் போனை எடுப்பதற்குள் லாரியும் முலாம் தொட்டியும் தாமாகவே நாள் மாறிக்கொண்டன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத நாலு பட்டறைகள் ஒரே உடம்பின் கைகால்கள்போல அசைந்தன. கோபேக்காரர் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க ஃபேக்டரி எவ்வளவு பெருசு?" என்றார். எனக்கே தெரியவில்லை. சரக்கு சேர்ந்த நிமிடம் திரை வெறுமையானது. இத்தனை பெரிய ஃபேக்டரி இருந்த சுவடே இல்லை. என்னையறியாமல் எழுந்து நின்று அந்தத் திரைக்குத் தலைவணங்கினேன். மறுநாள் காலை தத்சுமியின் ஃபோர்க்லிஃப்ட் மறுபடி என் வாசலை மறித்து நின்றது.

கோபேக்காரர் அடுத்த வேலையும் தந்திருக்கிறார்; கடைந்து, சூடேற்றி, அரைத்தாகிவிட்டது, முலாம்தான் பாக்கி. முன்பு முலாம் பூசியவர் இனி முடியாது என்று நிஜமாகவே 'முடியாது' பொத்தானை அழுத்திவிட்டார்; அவர் நம்மைவிடச் சுற்றிவளைத்துப் பேசும் கியோத்தோவில் பிறந்தவராம், அங்கே அதற்கு என்ன அர்த்தமோ! அதனால் உன் பெயரைக் கொடுத்தேன். கட்டாயமே இல்லை. உறவைப் பார்க்காதே. நிதானமாக யோசி.

உன் வீட்டாருக்கு எங்கள் அன்பு. தொட்டிகள் நிரம்பி வழியட்டும்.

இப்படிக்கு,
அத்தான் நிஷிவாகி

பி.கு.: உறையை ஒட்டும்போது கம்ப்யூட்டர் சிணுங்கியது. நீ அதற்குள் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று அழுத்திவிட்டாயாமே! தண்டுகளோடு லாரி உன் வாசலுக்குக் கிளம்பிவிட்டது. ஓரம் இந்தத் தடவையும் கூர்தான், கையுறை போட்டுக்கொள்.