ஷவருக்கு வந்த மூட்டுவலி

மனிதன் குளிக்க வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எதில் குளிப்பது என்று வரும்போதுதான் கோப்பு தேவைப்படுகிறது.

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில் 'ஓய்வுபெற்ற அரசு ஊழியர் நகர்' என்று ஒன்று உண்டு. அதன் இரண்டாம் குறுக்குத் தெருவில் பதினொரு வீடுகள். ஒன்பதில் மாஜி கண்காணிப்பாளர்கள் குடியிருக்கிறார்கள். மீதி இரண்டில், கண்காணிப்பாளர் ஆவதற்குள் வயதாகிவிட்டவர்கள். விதிமுறை விஷயத்தில் இவர்கள்தான் இன்னும் கறார்.

மூன்றாவது வீடு பீமராவுடையது. அரசுப் பண்டகசாலை ஒன்றில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். "ஒரு குண்டூசியைக்கூட வெளியே போக விடாதவர்" என்று பிரிவுபசார விழாவில் புகழ்ந்தார்கள். முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி அனுசுயாவுக்கு, அது பாராட்டு இல்லை, குண்டூசி கேட்டுக் கிடைக்காதவர்களின் புலம்பல் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

சித்திரைக் கடைசியில் அனுசுயா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலில் தசைநார் பிசகிவிட்டது. டாக்டர் சம்ரீன் கட்டுப் போட்டுவிட்டு, "மூணு மாசத்துக்குக் குனியக் கூடாது, குந்தக் கூடாது. நின்னுக்கிட்டே குளிங்க ஆன்ட்டி," என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் இருந்ததோ ஒரே குளியலறை. அதில் ஒரு குழாய், ஒரு பக்கெட், ஒரு மக். எப்படியும் வழுக்குகிற தரையைப் பெயர்த்து மாற்றத்தான் போகிறார்கள்.

"அப்படியே ஒரு ஷவர் வாங்கி மாட்டிடலாங்க," என்றாள் அனுசுயா.

"வாங்கலாம்," என்றார் பீமராவ். இந்த 'வாங்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டபடியே ஓய்வுபெறும் வயதை எட்டியவர்கள் பண்டகசாலையில் பலர். அவர் பீரோவைத் திறந்து இளஞ்சிவப்பில் ஒரு கோப்பு அட்டையை எடுத்தார்.

"ஷவருக்கு எதுக்குங்க ஃபைலு?"

"புதுப் பொருள் வரணும்னா பழைய பொருள் கழிவாகணும். குளிக்கிறதுக்கு இப்ப கையிருப்புல என்ன இருக்கு?"

"பக்கெட்டு."

"பயன்பாட்டுல இருக்கா?"

"பக்கெட் பயன்பாட்டுலதான் இருக்கு. நான்தான் இல்ல."

"ஆளைக் கழிவு பண்ண விதி கிடையாது அனு. பக்கெட்டைத்தான் பண்ண முடியும்."

பக்கெட் முறைப்படி ஆய்வு செய்யப்பட்டது. விளிம்பு வரை நீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்ததில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. 'மேற்படி பக்கெட் நல்ல நிலையில் உள்ளது. எனவே ஷவருக்கான அவசியம் எழவில்லை' என்று பீமராவ் குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அனுசுயா நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய், தேங்காய் உடைக்கிற கத்தியோடு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஓங்கி ஒரு குத்து.

"இப்ப அவசியம் எழுந்திருக்கும். பாருங்க."

பீமராவ் கோபப்படவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 'பார்வையில் கண்ட பக்கெட்டின் அடிப்பாகத்தில் ஓட்டை ஒன்று காணப்படுவதால்' என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினார். பிறகு பக்கெட்டைச் சிவப்பு நாடாவால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். பொது ஏலம் முடியும் வரை அதை யாரும் தொடக் கூடாது.

"அப்ப நாளைக்கு எதுல குளிக்கிறதாம்?"

"மாற்று ஏற்பாட்டைப் பயனாளியே செஞ்சுக்கணும். காவிரி பக்கத்துலதான இருக்கு?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு அம்மா மண்டபத்துப் படியில இறங்கினா, நான் ஆத்தோடதான் போவேன்."

"அதுக்குத் தனி ஃபைல்," என்றார் பீமராவ்.

மாற்று ஏற்பாடு எதிர்வீட்டு ஆனந்தவள்ளியிடம் கிடைத்தது. அனுசுயா நிற்க, ஆனந்தவள்ளி தன் வீட்டுப் பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். உற்சவருக்குத் திருமஞ்சனம் மாதிரிதான் நடந்தது, மேளம் ஒன்றுதான் குறை. "அக்கா, உங்க முட்டி சரியாகுறதுக்குள்ள என் தோள்பட்டை போயிடும் போல," என்றாள் ஆனந்தவள்ளி. அவளும் ஆறு வருடமாக ஒரு ஷவர் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வெள்ளைச்சாமி கருவூலத்தில் இருந்தவர். 'நடப்பு ஆண்டில் நிதி ஒதுக்கீடு இல்லை' என்று ஆறு வருடமும் அவளுக்கு வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் வாரம், தொழில்நுட்ப ஆய்வுக்காகத் தில்லைநகர் போனார்கள். முன்பெல்லாம் அங்கே குழாய்க்கடை என்று பெயர்ப்பலகை இருக்கும். இப்போது 'குளியல் அனுபவ மையம்' என்று இருந்தது. கூடவே பிளம்பர் இன்னாசிராஜையும் அழைத்துப் போனார்கள். ரஞ்சித் என்று பெயர் குத்திய கோட்டுப் போட்ட பையன், திருச்சி வெயிலில் வியர்க்காமல் நின்று வரவேற்றான்.

"மேடம், குளியல்ல உங்க தேடல் என்ன?"

"சோப்புதான்பா. கை தவறிக் கீழ விழுந்தா தேடுவேன்."

ரஞ்சித் அசரவில்லை. தோசைக்கல் அகலத்துக்குக் கூரையில் பதித்திருந்த ஒரு தட்டைக் காட்டினான். "இது மழைக்காட்டு ஷவர். ஏழு கலர்ல லைட் வரும். நீலம்னா மனசு அமைதியாகும். சிவப்புன்னா உற்சாகம்."

"கரண்ட் போனா?"

ஒரு கணம் யோசித்தான். "தியானம், மேடம். ஸ்பீக்கரும் இருக்கு. குளிச்சுக்கிட்டே பேசலாம்."

"நான் குளிக்கப் போறதே இவர் பேச்சு காதுல விழாம இருக்கத்தான்."

பீமராவ், உத்தரவாதப் பத்திரம் எத்தனை பிரதியில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னாசிராஜ் மட்டும் அண்ணாந்து தட்டைப் பார்த்தார்.

"சார், உங்க வீட்டு டேங்க்கு, பாத்ரூம் கூரைக்கு மேல எத்தனை அடி?"

"நாலு."

"அப்ப இதுல மழை வராது சார். லிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் தொங்கவிட்ட மாதிரி சொட்டுச் சொட்டாத்தான் விழும். அக்கா தலை நனையுறதுக்குள்ள அடுத்த பிரதோஷம் வந்துரும். இது வேணும்னா பிரஷர் பம்பு வைக்கணும். இல்லையா, கையில புடிக்கிற சின்ன ஷவரா வாங்கிச் சுவத்துல கொக்கி போட்டு மாட்டிடுங்க. டேங்க் உயரத்துக்கு அதுதான் சரி. முட்டிக்கும் நேரா புடிச்சுக்கலாம்."

ஷவர் வாங்குவதைப் பற்றி உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அது வாய்மொழியாகச் சொல்லப்பட்டதால் கோப்பில் சேர்க்க இயலவில்லை.

எனவே மூன்று விலைப்புள்ளிகள் கோரப்பட்டன. 'மேலிருந்து கீழாக நீர் பொழியக்கூடிய, பல துளைகள் கொண்ட சாதனம் – ஒன்று' என்று விவரக்குறிப்பு. இரண்டு கடைகள் பதில் அனுப்பின. மூன்றாவதை, மணப்பாறைக்கு முறுக்கு வாங்கப் போன பீமராவ் அங்கே ஒரு விவசாயச் சாமான் கடையில் வாங்கிவந்தார். மிகக் குறைந்த விலை அதுதான். மிகக் குறைந்த விலையை மறுக்க விதி இல்லை. நாலாம் நாள் பஸ்ஸில் பார்சல் வந்தது. பிரித்தால், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற தகரப் பூவாளி.

அனுசுயா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இது மேலேருந்து கீழ பொழியுமா?"

"தூக்கிப் புடிச்சா பொழியும்."

"பல துளை?"

"நாப்பத்தெட்டு. எண்ணிட்டேன்."

"தூக்கிப் புடிக்கிறது யாரு?"

"அது பணியாளர் நியமனம். நம்ம பிரிவுல வராது."

அன்றைக்கு மத்தியானம் அனுசுயா சமைக்கவில்லை. கணவருடைய கொள்முதல் விதித் தொகுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கான்வென்ட்டில் படித்தவள் அவள். வேதபாடத்தையே அடிக்குறிப்போடு ஒப்பிக்க வைத்த சிஸ்டர்கள் அவர்கள். சாயங்காலம், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த இரண்டு பக்கங்களைக் கத்தியால் பிரித்தாள். முப்பத்துநாலு வருடத்தில் யாரும் பிரிக்காத பக்கங்கள். விதி 41, உட்பிரிவு இ: 'உடல்நலன் கருதி, மருத்துவச் சான்றின் பேரில், விலைப்புள்ளி கோராமலேயே கொள்முதல் செய்யலாம்.'

பீமராவ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று முறை படித்தார். பிறகு, தன் சொந்த வீட்டிலேயே பதவியிறக்கம் செய்யப்பட்டவர் போலக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் சம்ரீன் சான்றிதழ் தந்தாள். மறுநாள் காலை இன்னாசிராஜ் வந்தார். பதினொன்றரைக்குக் கைஷவர் சுவரில் ஏறிவிட்டது. பதினொன்று நாற்பதுக்கு அனுசுயா உள்ளே போனாள். நெட்டுக்குத்தலாக நின்றாள். யாரும் மொண்டு ஊற்றவில்லை, யாரும் தோள்பட்டையைக் குறை சொல்லவில்லை. டேங்க் காலியாகும் வரை வெளியே வரவில்லை.

"டேங்க் நிரம்பினதும் நானும் ஒரு தடவை..." என்று துண்டோடு வந்தார் பீமராவ்.

"விதியைக் கீழ வரைக்கும் படிங்க."

கீழே இப்படி இருந்தது: 'இவ்வாறு வாங்கப்பட்ட பொருளை நோயாளி தவிர வேறெவரும் பயன்படுத்தலாகாது. நோயாளி குணமடைந்த ஏழு நாட்களுக்குள் பொருளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.'

பீமராவைப் பற்றி யார் என்ன சொன்னாலும், தனக்கொரு விதி ஊருக்கொரு விதி என்று வைத்துக்கொள்கிறவர் இல்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனார். பத்து நாள், ஒரு கையால் பூவாளியைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் சோப்புப் போட்டுக் குளித்தார். பதினோராம் நாள் நொண்டினார்.

"இடது முழங்கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது அனு."

"வலது காலைத்தான நொண்டுறீங்க?"

"வலி இடதுல. பாரம் வலதுல."

"வலி இருக்குன்னு சொல்றவங்களுக்கு இல்லைன்னு காட்ட என்கிட்ட மெஷின் இல்ல அங்கிள்," என்று சொல்லிச் சம்ரீன் அவருக்கும் எழுதித் தந்தாள்.

ஆனந்தவள்ளி அன்றைக்கே தெருவைக் கடந்து வந்தாள். "அக்கா, அந்த விதி எத்தனாவது பக்கம்?"

ஆடி முடிவதற்குள் பதினொரு வீட்டிலும் கைஷவர் ஏறிவிட்டது. பதினேழு முழங்கால்கள் சான்று பெற்றிருந்தன. எல்லாரும் முதல் சான்றிதழைப் பார்த்தே வலியைச் சொன்னதால் எல்லாமே இடது. காய்கறி வண்டி வந்தால், தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்து வெண்டைக்காய் வாங்கியது.

இதற்கிடையில், மூன்று மாதம் முடிந்த அன்றே அனுசுயாவின் கால் சரியாகிவிட்டது. மலைக்கோட்டையை ஒரே மூச்சில் ஏறியிருப்பாள். ஆனால் ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டுமே. ஆகவே நொண்டினாள். நிஜமாக வலித்தபோதுகூட அவ்வளவு நேர்த்தியாக நொண்டியதில்லை.

கிளினிக்கின் மாதாந்திர அறிக்கை வார்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனது. ஆவணி முதல் வாரம் ஆய்வாளர் வீரமலை பதிவேட்டோடு வந்து இறங்கினார்.

"ஒரே தெரு, ஒரே வலி, ஒரே கால். கொசுதாம்மா," என்றார் அனுசுயாவிடம்.

"எல்லாருக்கும் இடது காலாவே பாத்தா கடிக்கும்?"

"புது ரகம். மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்."

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் புகை இயந்திரம் வந்தது. வெள்ளைப் புகை தெருமுனையில் நுழைந்து, சுவர் சுவராக ஏறி, ஜன்னல் ஜன்னலாகப் புகுந்தது. பத்து எண்ணுவதற்குள் இரண்டாம் குறுக்குத் தெரு முழுக்க இருமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெள்ளைச்சாமி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் குதித்தார். ஆனந்தவள்ளி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை முந்தினாள். மறுமுனைக்கு முதலில் வந்து சேர்ந்தவர் பீமராவ். அரையடி பின்னால் அனுசுயா.

அங்கே வீரமலை பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பதினேழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கையாக இடது முழங்காலுக்குப் போனது.

"எல்லாரும் ஓடி வந்தீங்க," என்றார் வீரமலை.

"புகை தள்ளிக்கிட்டு வந்துச்சு," என்றார் பீமராவ்.

"வலி போயிடுச்சா? போயிடுச்சுன்னா 'குணமடைந்தார்'னு எழுதி இதோட முடிச்சுக்கிறேன். போகலைன்னா வாரா வாரம் செவ்வாய்க்கிழமை அடிச்சாகணும். விதி அப்படி."

தெரு கணக்குப் போட்டுப் பார்த்தது. குணமடைந்தால் ஏழு நாள்; அதோடு ஷவர் போய்விடும். குணமடையாவிட்டால் வாரத்துக்கு ஒரு புகை. பதினாறு ஜோடிக் கண்களும் அனுசுயா பக்கம் திரும்பின.

"அப்படியேதான் சார் இருக்கு," என்றாள் அனுசுயா. "ஓடி வந்ததுல கொஞ்சம் கூடியிருக்கு."

அன்றிலிருந்து செவ்வாய் தவறாமல் நாலு மணிக்குத் தெரு ஓடுகிறது. நாலே காலுக்கு நொண்டிக்கொண்டே திரும்புகிறது. நாலரைக்குப் பதினொரு வீட்டிலும் புகை நாற்றம் போகக் குளிக்கிறார்கள். ஷவர் எவ்வளவு அத்தியாவசியமான பொருள் என்பது இப்போது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது.

நாலாவது செவ்வாய், கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்த வீரமலை உடனே கிளம்பவில்லை. பீமராவ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். சட்டையிலும் தலையிலும் டீசல் வாடை. பதினொரு வீட்டிலிருந்தும் தண்ணீர் சலசலவென்று விழுகிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தம்ளரை வைத்துவிட்டு எழுந்தவர், இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"என்ன சார்?" என்றாள் அனுசுயா.

"காலையிலேருந்தே ஒரு மாதிரி இருக்கும்மா. உங்க டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

"ஏழரை வரைக்கும். எந்தக் கால் சார்?"

வீரமலை குனிந்து தன் கால்கள் இரண்டையும் பார்த்தார்.

"இந்தத் தெருவுல எது நடப்புல இருக்கோ, அதையே போட்டுக்கலாம்மா."