வண்டி ஏத்து, இரண்டாம் பாகம்

முதல் தடவை சொதப்பிவிட்டு, "சரி, நமக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுகிறவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சொதப்பியதைத் திருத்தி இன்னும் பெரிதாகச் செய்து காட்டுகிறேன் பார் என்று கிளம்புகிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நான் இந்த இரண்டாவது ரகம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு பாம்பூஃப்ளாட்டில், கம்ப்யூட்டர் படிப்பு போர்ட் பிளேரில், நடுவில் கடல். காலையில் வண்டி ஏற்றும் போட்டில் அக்கரையில் இருக்கும் சாத்தம் துறைக்குப் போய், சாயங்காலம் அதே போட்டில் திரும்புவேன். மூன்று வருஷம் வண்டிகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்து, தூக்கத்தில்கூட "பீச்சே, பீச்சே" என்று யாருக்கோ ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா சொன்னார். இதை வைத்தே ஒரு வீடியோ கேம் செய்தால் என்ன என்று தோன்றியது.

செய்தேன். பெயர் 'வண்டி ஏத்து'. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வரிசையாக நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து போட்டில் அடுக்கவேண்டும். எல்லாம் ஏறினால் போட் கிளம்பும். அவ்வளவுதான் கதை.

அந்த முதல் பாகத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டுமென்றால், அது சீக்கிரம் முடிந்துவிடும். பெரிய சதுரம் லாரி, சின்னச் சதுரம் ஸ்கூட்டர். கடல் என்பது நீல பெயின்ட் அடித்த தரை. ஒரு வண்டி இன்னொரு வண்டிக்குள் ஆவி மாதிரி புகுந்து போகும். எலக்ட்ரீஷியனான என் அண்ணன் முரளி, முதல் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு லாரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போட்டை நல்லபடியாக அக்கரை சேர்த்துவிட்டான்.

"சூப்பர் போட்டு பானு! இதுல மெயின்லேண்டையே ஏத்திக் கொண்டாந்துடலாம்" என்றான்.

போட்டில் எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று கைகாட்டுகிறவர் ராவ் அண்ணா. தெலுங்குக்காரர், எங்களோடு பேசுவது ஹிந்தியில். அவரிடம் போனை நீட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"அரே பானு, யே போட் ஹை யா சாபுன் கா டப்பா?" (போட்டா, சோப்பு டப்பாவா என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம்.) அப்புறம் ஒரு லாரியைத் தொட்டு, "வஸன் கிதர் ஹை?" என்றார். எடை எங்கே? எடையே இல்லாத லாரியை இருபது வருஷத்தில் அவர் பார்த்ததில்லையாம்.

அப்பா பாம்பூஃப்ளாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் கேமைப் பார்க்கவே இல்லை. "முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா மெட்ராஸ் கிளம்பு. சித்தப்பா ஒரு ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்காரு" என்றார்.

"நான் போகல. ரெண்டாம் பாகம் செய்யப்போறேன்."

"மொதல் பாகத்தையே எவனும் பாக்கல. ரெண்டாம் பாகத்தை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கண்காட்சி வரப்போகிறது, முதல் பரிசு வாங்குகிறவருக்கு அங்கேயே வேலை என்று பிரின்ஸிபால் தத்தா மேடம் அறிவித்திருந்தார். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆணிகளை எடைபோட்டுக்கொண்டே யோசித்தார்.

"சரி. பரிசு வந்தா இங்க இரு. வரலேன்னா அடுத்த கப்பல். பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்" என்றேன்.

இரண்டு மாதம் வெறிபிடித்த மாதிரி உழைத்தேன். முதல் பாகத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எடை இல்லையா? ஒவ்வொரு வண்டிக்கும் எடை கொடுத்தேன். ஒரு பக்கம் பாரம் கூடினால் போட் சாயும், ரொம்பச் சாய்ந்தால் எல்லாம் சறுக்கிக் கடலுக்குள் போகும். நீலத் தரைக்குப் பதிலாக அலை வந்தது. தண்ணீர் ஏறி இறங்கியது, அதற்கேற்ப ஏறுபலகையும் உயர்ந்து தாழ்ந்தது. மழை பெய்தால் ஸ்கூட்டர் வழுக்கியது. மீன்கூடை வைத்த ஆட்டோ, ஸ்கூல் பஸ், தண்ணி லாரி எல்லாம் அதனதன் உருவத்தில் வந்தன. ரொம்ப நேரம் காக்கவைத்தால் வரிசையில் நிற்கிறவர்களின் முகம் சிவந்துகொண்டே போகும். முரளி இப்போது மூன்று லாரி ஏற்றுவதற்குள் முழுகிப்போனான். எனக்குப் பரம திருப்தி.

ஆனால் சத்தம் இல்லை. எங்கள் ஜெட்டி சத்தமில்லாமல் இருந்தால் அது ஜெட்டியே இல்லை. எனவே போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, தினமும் ஜெட்டியில் குரல்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்பதே அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மழைக்காலைதான் என் விதியை எழுதியது. வரிசைக்குப் பின்னாலிருந்து ஆடு கத்துகிற மாதிரி ஒரு ஹாரன். வெள்ளை ஜீப் ஒன்று எல்லோரையும் தாண்டி முன்னால் போனது. கூரையில் இரும்புக் கம்பிகள் கட்டியிருந்தது. குடைகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்தது ஜீப்பின் முதுகு மட்டும்தான். குரலோ கணீரென்று கேட்டது.

"ஏய்! ரஸ்தா விடுய்யா! நான் யாருன்னு தெரியுமா? மேரா காடி பெஹலே ஜாயேகா! என் வண்டிதான் மொதல்ல போகும்!"

எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "பெரிய வெங்காயம்னு நெனப்பு" என்று முணுமுணுத்தார். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே நான்காவது லெவலில் அந்த ஜீப்பை வைத்தேன். அதே ஹாரன், அதே குரல், கூரையில் அதே கம்பிக்கட்டு. ஜீப்பின் தலைக்கு மேல் 'வெங்காயம் சாப்' என்று பெயர்ப்பலகை. கம்பி பாரத்தோடு அந்த ஜீப் முதலில் ஏறினால் போட்டின் முன்பக்கம் அமுங்கி, பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னால் வருகிற வண்டி எல்லாம் சறுக்கும். சமூகநீதியை நிலைநாட்டிவிட்ட பெருமையோடு அன்று சாப்பிட்டேன்.

கண்காட்சி அன்று ஹால் நிறைந்திருந்தது. அப்பா, அம்மா, முரளி மூன்று பேரும் முன்வரிசையில். சிறப்பு விருந்தினர் காண்ட்ராக்டர் தங்கராசு, மனைவியோடு வந்திருந்தார். அப்பா கடைக்கு ஆளனுப்பிச் சாமான் வாங்குகிற பெரிய வாடிக்கையாளர். நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. மெல்லிய குரலில், "நல்லாருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார். எவ்வளவு சாது என்று நினைத்தேன்.

தத்தா மேடம் என் கேமைத்தான் முதலில் காட்டச் சொன்னார். பெரிய திரையில் ஜெட்டி விரிந்தது. "சார், நீங்களே விளையாடிப் பாருங்க" என்று மௌஸைத் தங்கராசு கையில் கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.)

மூன்று லெவலை அழகாக முடித்தார். ஹாலில் கைதட்டல். நான்காவது லெவல் ஆரம்பித்ததும் ஆடு கத்தியது.

பின்வரிசைகளில் களுக் என்று ஒரு சிரிப்பு. பாம்பூஃப்ளாட்காரர்கள் பலருக்கு அந்த ஹாரன் யாருடையது என்று தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்து ஸ்பீக்கரில் கணீரென்று, "ஏய்! ரஸ்தா விடுய்யா! நான் யாருன்னு தெரியுமா?"

வாசலருகில் நின்றிருந்த அவருடைய டிரைவர் பிஸ்வாஸ், சொந்தக்காரரையே திரையில் பார்த்துவிட்ட மாதிரி சந்தோஷத்தில் கத்தினார்: "அரே! யே தோ ஹமாரா சாப் ஹை!" (இது நம்ம முதலாளி ஆச்சே என்கிறார்.)

தங்கராசுவின் மனைவி கணவர் பக்கம் குனிந்தார். "ஏங்க, உங்க குரல் மாதிரியே இருக்கே?"

"மாதிரி என்ன மாதிரி? நானேதான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "வெங்... காயம்... சாப்."

முரளியைப் பார்த்து, கரன்ட்டை நிறுத்து என்று ஜாடை காட்டினேன். எலக்ட்ரீஷியன் அல்லவா, பாய்ந்து போய் ஒரு சுவிட்சைத் தட்டினான். ஹாலில் இருந்த மின்விசிறிகள் எல்லாம் நின்றன. வெங்காயம் சாப் திரையிலேயே இருந்தார்.

"யாரும் எதையும் தொடக்கூடாது" என்றார் தங்கராசு. மெல்லிய குரல் போய், ஜெட்டிக் குரல் வந்துவிட்டது. "நான் ஆடி முடிக்கணும்."

தன் ஜீப்பை முதலில் ஏற்றினார். முன்பக்கம் அமுங்கியது. மீன் ஆட்டோ சறுக்கியது, லாரி சறுக்கியது, கடைசியில் ஜீப்பும் கடலுக்குள் போனது. ராவ் அண்ணாவின் குரல் "கயா!" என்று துக்கம் விசாரித்தது. போச்சு என்று அர்த்தம். மீன்கூடைகள் மட்டும் மிதந்தன.

மறுபடி ஆரம்பித்தார். ஜீப்பை இடதுபக்கம் ஏற்றினார். கயா. வலதுபக்கம். கயா. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். விசிறி இல்லாத ஹாலில் எல்லோரும் வேர்த்து வழிந்தோம், ஒருவர்கூட வெளியே போகவில்லை. முதலில் பயந்திருந்த ஜனங்கள் மெதுவாக யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். "லாரியைப் பின்னாடி தள்ளுங்க சார்!" "தோடா பாயே, சாப், பாயே!" (கொஞ்சம் இடதுபக்கமாம்.) பிஸ்வாஸ் பக்கத்திலேயே வந்து நின்று ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி கையை ஆட்டினார். தங்கராசு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆடு கத்தியது, அவர் குரல் அவரையே அதட்டியது, அவர் மூழ்கினார். எழுந்து திரும்பவும் வந்தார்.

எவ்வளவு நேரம் ஆனதோ, அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க வண்டியக் கடைசியா ஏத்துங்களேன்."

"கடைசியாவா? நானா?"

"கடலுக்குள்ள போறதுக்குக் கடைசியா போறது மேல்."

அவர் மௌஸைக் கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். லாரி ஏறியது, ஸ்கூல் பஸ், மீன் ஆட்டோ, ஸ்கூட்டர்கள். கடைசியில் ஜீப், பின்பக்கம் மீதமிருந்த இடத்தில். போட் ஒரு ஆட்டம் ஆடி நேராக நின்றது. கிளம்பி சாத்தம் போய்ச் சேர்ந்தது.

ஹாலே எழுந்து கைதட்டியது. தங்கராசுவும் தன்னை மறந்து தட்டினார். நடுவில் ஞாபகம் வந்து நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார், எழுந்தார், போய்விட்டார்.

முதல் பரிசு, தென்னை மரத்தைப் போனில் படம் எடுத்தால் எத்தனை தேங்காய் என்று சொல்லும் ஒரு செயலிக்குப் போனது. தத்தா மேடம் என் பக்கம் வந்து, "குட் எஃபர்ட், பேட்டா" என்றார். திரும்பி வரும் போட்டில், பாதிக் கடலில் அப்பா, "அவரு சாமான் வாங்குறத நிறுத்திட்டாருன்னா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் கடை வாசலில் ஆடு கத்தியது. நான் அப்போது கடையில் இருந்தேன். ஒரே தாவில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"மாணிக்கம், உம்ம பொண்ணு எங்கய்யா?"

அப்பா பெயின்ட் டப்பாக்களைக் கைகாட்டினார். (பெற்ற தகப்பன்!) எழுந்து நின்றேன். சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக நினைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "சார், கேக்காம உங்க குரலப் பதிவு பண்ணது தப்பு. மன்னிச்சிடுங்க. இன்னிக்கே எடுத்துடறேன்."

"குரல் இருக்கட்டும். வெங்காயத்த எடு."

"வேற என்ன பேர் சார் வைக்கலாம்?"

"எம்பேரையே வையேன். 'காண்ட்ராக்டர் தங்கராசு'ன்னு முழுசா வை." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும். இந்த ஏழாவது லெவல்ல தண்ணி லாரி ஏறமாட்டேங்குது. உங்க மேடம்கிட்ட வாங்கி ரெண்டு நாளா ஆடறேன். அத முடிக்காம நான் விடறதா இல்ல. எப்படின்னு சொல்லு."

அப்பாவின் ஸ்டூலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அப்பா எங்கள் இருவருக்கும் டீ வாங்கிவந்தார். தங்கராசு சார் போனபிறகு கப்பலைப் பற்றிய பேச்சு வீட்டில் எழவில்லை. ஆறு மாதம் கழித்து தேங்காய் எண்ணியவர் நல்ல வேலை கிடைத்து மெயின்லேண்டுக்குப் போய்விட, தத்தா மேடம் என்னைக் கூப்பிட்டார். இன்றும் அங்கேதான் பாடம் நடத்துகிறேன்.

தங்கராசு சார் ஜெட்டியில் திருந்திவிட்டாரா என்று கேட்பார்கள். ஹாரன் அடிப்பார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் வரிசை மொத்தமும் "ரஸ்தா விடுய்யா!" என்று பாடிவிடும். வேறு வழியில்லாமல் வரிசையில் நிற்பார்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும்: "ஒரு பெரிய மனுஷனப் பதினோரு தடவ கடல்ல முக்கி, பன்னெண்டாவது தடவ கரசேத்தவ."

உடனே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"பதினொண்ணு இல்ல, பதிமூணு. நான் மொத வரிசையில உக்காந்து எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."