கும்பிடுபூச்சிக் கூட்டுக்கு ஒரு வார அவகாசம்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், அதாவது தங்கள் அக்காவின் கணவர், பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். தாங்களும் நலமென்றே நினைக்கிறேன், காலையில் முதல் மாடியில் தாங்கள் தொண்டையைக் காறும் சத்தம் மூன்றாம் மாடி வரை திடமாகக் கேட்டது. நேற்று லிப்டில் தங்களைப் பிடித்து விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க அத்தான், வாய்ப்பேச்செல்லாம் சங்கத்துல செல்லாது" என்று சொல்லிவிட்டு, கதவு மூடுவதற்குள் வெளியே குதித்துப் படியேறிப் போனீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை, தரைத்தள வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டிய செடிவேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பூச்சிமருந்தும் அடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த வேலியில், இடுப்பு உயரத்தில் ஒரு குச்சியில், காய்ந்துபோன சோப்பு நுரை மாதிரி பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. தாய்ப்பூச்சி அதைக் கட்டிய அன்றே பார்த்தேன், படமும் எடுத்தேன், படத்தில் என் கட்டைவிரல் மட்டும் மிகத் தெளிவாக வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் கேமராவோடு அதன் முன்னால் தவம் கிடக்கிறேன். குஞ்சுகள் நூலில் தொங்கிக்கொண்டு கூட்டமாக இறங்கும், அதுவும் பெரும்பாலும் காலையில்தான், ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இன்றைக்கோ நாளைக்கோ, மிஞ்சிப்போனால் அடுத்த வாரமோ பொரிந்துவிடும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாரம். அதுவரை கத்தியும் கூடாது, மருந்தும் கூடாது.

பூச்சியைக் கிட்டத்தில் படம் எடுப்பது என்றால் ஏதோ பொழுதுபோகாத கிழவனின் வேலை என்று நினைக்கிறீர்கள். மேக்ரோ லென்ஸில் எறும்பின் ஒரு கண்ணைத் தெளிவாக்கினால் மறுகண் மங்கிப்போகும், இலை ஆடினால் போச்சு, நாம் மூச்சு விட்டாலும் போச்சு. நானோ வேலை பார்த்த காலமெல்லாம் "மூச்சை இழுங்க, அப்படியே அடக்குங்க, அசையாதீங்க" என்று ஊருக்கே சொன்னவன். பழக்கதோஷம், பட்டனை அழுத்தும் நேரத்தில் வாய் தானாகவே அதைச் சொல்லிவிடுகிறது, சொன்ன காற்றில் பூச்சி பறந்துவிடுகிறது. நோயாளிகள் யாரும் பறந்ததில்லை. சரி, வாயை மூடிக்கொண்டு நாமே மூச்சை அடக்குவோம் என்று ஒருநாள் ஒரு வண்டுக்காக வேலியடியில் குப்புறப் படுத்து அடக்கினேன். நன்றாகத்தான் அடக்கியிருக்கிறேன் போலிருக்கிறது, வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு "ஐயோ, சார் போயிட்டாரு!" என்று அலறி, கார் கழுவ வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தார். நான் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் மறுபடியும் அலறினார். நல்லவேளை, கேமராவை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டேன், வண்டுதான் பாவம், எங்கே போய் ஒதுங்கியதோ.

இதுகூடப் பரவாயில்லை. வேலிக்குப் பின்னால் தரைத்தள அம்மாவின் சமையலறை ஜன்னல் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை, லென்ஸில் கண்ணை வைத்துவிட்டால் எனக்கு விரல் தூரத்துக்கு அப்பால் எதுவும் கண்ணில் படாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம், இலைகளுக்கு நடுவே ஒரு வழுக்கைத் தலையும், தங்கள் அக்காவின் வெள்ளை மாவு டப்பாவை அறுத்து நான் ஃபிளாஷுக்கு மாட்டியிருந்த மூடியும், அது பளிச் பளிச்சென்று மின்னுவதும்தான். "இந்த வயசுல இது என்ன சார் புத்தி? நான் சமைக்கிறதப் போய் படம் புடிக்கிறீங்க?" என்று கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். மானம் போயிற்றே மச்சான்! நான் நிரபராதி என்று நிரூபிக்க, எடுத்த படங்களையெல்லாம் லேப்டாப்பில் பெரிதாக்கி அவர் வீட்டுக்கே போய்க் காட்டினேன். சிலந்தியின் எட்டுக் கண்ணையும் காட்டினேன், ஈயின் முகத்தைக் காட்டினேன், எறும்பின் தாடையைத் திரை முழுக்கக் காட்டினேன். என்மேல் இருந்த சந்தேகம் அடியோடு தீர்ந்தது. அவர் முகம் வெளிறிப்போய், "இதெல்லாமா என் ஜன்னலுக்கு வெளியில இருக்கு?" என்று கேட்டார். நானும் பெருமையாக "இன்னும் நெறைய இருக்குங்க" என்றேன். அன்று சாயங்காலமே வேலியை வெட்டச் சொல்லி உன்னிடம் புகார் வந்துவிட்டது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் அதுகளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே. பூச்சியைக் குளிரில் வைத்தால் அசையாமல் நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வண்டை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜில்லென்று தண்ணீர் வேண்டுமென்று அந்தக் கதவைத் திறந்தது நீதான். டப்பாவைப் பலகாரமென்று நினைத்துத் திறந்ததும் நீதான். வீடே அதிரக் கத்தியது நீ, வாங்கிக்கட்டிக்கொண்டது நான். அன்றைக்கு உன் அக்கா போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது: "ஆறு காலோட எது உள்ள வந்தாலும் சரி, ரெண்டு காலோட இருக்கறது வெளிய போயிடணும்." கூட்டையோ என்னையோ, ஒருவரைத்தான் வீட்டுக்குள் விடுவாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் எடுத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது, எல்லாம் உடைந்த எலும்பு, சளி கட்டிய நெஞ்சு. ஒரு படத்தையும் யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை, சட்டம் போட்டு மாட்டியதில்லை. ஒன்றுமில்லை என்று படத்தில் எனக்குத் தெரிந்தால்கூட வாயைத் திறந்து சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களை "வெளியில வெயிட் பண்ணுங்க" என்று அனுப்பி அனுப்பியே எனக்கு வயசாகிவிட்டது. ஏதோ ஒன்று கெட்டுப்போனபிறகுதான் என்னிடம் வரும். ஒரு தடவையாவது, ஒன்று ஆரம்பிக்கிறதைப் படம் எடுக்கணும்டா. அவ்வளவுதான் ஆசை.

ஆகவே சொல்கிறேன். சனிக்கிழமை காலை வேலிக்கு முன்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவேன். கத்தரிக்கோல் வந்தால் நகர மாட்டேன், மருந்து வண்டி வந்தால் நகர மாட்டேன், நீயே வந்தாலும் நகர மாட்டேன். உன் அக்கா வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். இப்போதுகூட அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெயில் கண்ணில் அடிப்பதால் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், கேமரா ஸ்டாண்டில் தயாராக நிற்கிறது.

உன் மனைவியும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற ஆட்களிடம் படம் எடுக்க வர வேண்டிய அவசியமே இல்லாமல், நீண்ட நாள் சௌக்கியமாக இருக்க வாழ்த்துகிறேன். நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: ஒரு வார அவகாசம் வேண்டாம். நான் உனக்கு எதிராக மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த உன் அக்கா, "ஏங்க, உங்க முதுகுக்குப் பின்னாடி என்னமோ கொட்டுது" என்றாள். திரும்பினேன். இறங்கிக்கொண்டிருந்தார்கள் மச்சான், தேன் நிறத்தில், கொசு அளவில், நூல் நூலாக! கேமராவில் கண்ணை வைத்தேன், வாய் தானாகவே "மூச்சை இழுங்க" என்றது, மொத்தக் கூட்டமும் ஊஞ்சலாடிப்போயிற்று, என் கண்ணாடியும் ஆவி படிந்து மங்கிவிட்டது. நான் துடைத்து மாட்டுவதற்குள், உன் அக்கா என் தோளுக்கு மேல் கையை நீட்டித் தன் போனில் ஒரே ஒரு படம் எடுத்தாள். "நான் மூச்செல்லாம் அடக்கல, சும்மா அமுக்கினேன்" என்கிறாள். ஒரு குஞ்சு தலையைத் திருப்பி நேராகப் பார்க்கிறது, அதன் மீசைகூடத் தெரிகிறது. ஓரத்தில் மங்கலாக ஒரு வழுக்கை, அது நான். சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்த தரைத்தள அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் அனுப்புங்க" என்றார், புகாரை வாபஸ் வாங்குவதாக இந்தக் காகிதத்தின் பின்பக்கம் கையெழுத்தும் போட்டிருக்கிறார். உன் அக்கா படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறாளாம். ஆக, கூடு காலி, தள்ளிவைக்க ஒன்றுமில்லை. ஆனால் குஞ்சுகள் இப்போது வேலி முழுக்க இருக்கிறார்கள், ஆகையால் வெட்டுவதையும் மருந்தையும் அடியோடு ரத்து செய். முடியாது என்றால் அவர்களிடமே சொல்லிக்கொள், சுவரில் ஏறிப் பாதிப்பேர் உன் பால்கனிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டுதான் வருகிறார்கள், எழுத்தில் எதுவும் கொண்டுவரவில்லை.