குருசுமுத்து போட்ட கடிதம்

வீட்டு ஒப்பந்த விஷயத்தை இம்முறை தானே முடித்துவைப்பதென்று குருசுமுத்து தீர்மானித்தது ஒரு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் தீர்மானம் முற்றிவிட்டது.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அவரும் மனைவி லூர்தம்மாவும் இருக்கும் மாடி வீடு, மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்த வாடகை வீடு. யூலை முப்பத்தோராம் திகதியோடு தவணை முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்க விரும்பினால் ஏப்ரல் முடிவதற்குள் வீட்டுச் சொந்தக்காரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

"போனிலயே அனுப்பலாமப்பா. ரெண்டு நிமிச வேலை" என்றாள் லூர்தம்மா. முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுப்பவள் அவள். எதையும் குரல் உயர்த்தாமல்தான் சொல்வாள்.

"வீடு கேக்கிறதென்ன, பீட்சாவுக்கு ஓடர் குடுக்கிறதே? மரியாதையா, கையால எழுதி, கையெழுத்து வைச்சு, தபாலில போடவேணும். நீர் இதுக்குள்ள தலையிடாதையும்."

"சரி. தலையிடேல்லை."

மூன்று மாலைப் பொழுதுகள் எழுதினார். குருசுமுத்து டெனிஷ் மொழியைக் கற்றது யன்னல் செய்யும் தொழிற்சாலையில். யன்னலைப் பற்றி எவ்வளவும் எழுதுவார். பணிவாக ஒன்றைக் கேட்பதற்குத்தான் சொற்கள் காணவில்லை. ஒருவழியாக முடித்து, மேசை லாச்சியில் கிடந்த முத்திரை ஒன்றை ஒட்டி, பேக்கரிக்கு முன்னால் நிற்கும் சிவப்புத் தபால்பெட்டியை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன.

நாடு முழுவதும் சிவப்புப் பெட்டிகளைக் கழற்றியதை அவர் செய்தியில் பார்த்தவர்தான். "இந்தக் காலத்தில ஆர் கடிதம் போடுறான்?" என்று சிரித்தவரும் அவர்தான். இப்போது கடிதத்தை எங்கே கொடுப்பது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அது லூர்தம்மாவின் காதுக்குப் போகும். ஆகவே குளிர்ச்சட்டையின் உள்பையில் அதை வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு."

"எந்தப் பெட்டியில?"

"பேக்கரிக்கு முன்னால நிக்கிற பெட்டியிலதான். வேற எங்க போடுறது?"

லூர்தம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிளறினாள்.

அடுத்த நாள் எப்படியாவது அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் பின்னேர வேலை. அதற்குப் பிறகு வெயில் வந்தது. குளிர்ச்சட்டை அலுமாரிக்குள் போனது. சட்டையோடு கடிதம் போனது. கடிதத்தோடு நினைவும் போனது.

மே மாத நடுவில் ஒரு நாள் மேற்குக் காற்று மறுபடி ஊசியாகக் குத்தியது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பஸ் அட்டையைத் தேடிய கையில் கடித உறை தட்டுப்பட்டது.

குருசுமுத்துவுக்கு வயது அறுபது. அந்த நிமிடத்தில் ஒன்பது. வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்பின் கடைசி வாங்கில் குனிந்திருக்கும் பிள்ளைக்குக் காது சுடுமே, அப்படிச் சுட்டது.

அன்றைக்குப் பார்த்து லூர்தம்மா அளவுநாடாவோடு கதிரையில் ஏறி நின்றாள்.

"இன்னும் மூண்டு வருசம் இருக்கப்போறம்தானே, புது யன்னல் சீலை தைப்பம் எண்டு பாக்கிறன். வீட்டுக்காரி பதில் போட்டவவோ?"

"வரும். இந்த நாட்டில எல்லாம் மெல்ல ஆறுதலாத்தானே நடக்கும்."

"ஓமோம். அந்த நுனியைப் பிடியுங்கோ."

பிடித்தார். இல்லாமல் போகப்போகும் வீட்டுக்குச் சீலை அளந்த மனிதன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று தோன்றியது. அவள் நல்லெண்ணெய் ஊற்றி முட்டை பொரித்துத் தந்தாள். அதுவும் இறங்கவில்லை.

கடைசியில் நம் ஆட்களுக்குத் தெரிந்த வழிதான் அவருக்கும் தெரிந்தது. கையில் ஒரு பார்சலோடு நேரே போய்க் கேட்பது.

"நாளைக்கு இருவது மட்டன் ரோல்ஸ் வேணும், லூர்து. சங்கக் கூட்டம்."

"வியாழக்கிழமையிலயோ?"

"அவசரக் கூட்டம்."

"ஆருக்கு அவசரம்?"

"சங்கத்துக்குத்தான். உறைப்பைக் குறைச்சுப் போடும்."

"ஏன், சங்கத்தில ஆருக்கு உறைப்பு ஏலாது?"

"தலைவருக்கு அல்சர்."

"ஐயோ பாவம்" என்று சொல்லி அவள் இறைச்சியை எடுத்து வெளியே வைத்தாள்.

வீட்டுக்காரி கிர்ஸ்டன் அடுத்த ஊரான ஸ்ட்ரூயரில் இருந்தாள். ரயிலில் கால்மணி நேரம். பயத்தில் இரண்டு ரோல்ஸ் அவர் வாய்க்குள் போன இடம் தெரியவில்லை.

டென்மார்க்கில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டு மணியை அடித்தால், திறப்பவர் முகத்தில் யாரோ செத்துப்போன செய்தியை எதிர்பார்க்கும் கலக்கம் இருக்கும். கிர்ஸ்டன் முகத்தில் அது இல்லை. உள்ளே மேசையில் இரண்டு கோப்பைகளும் சுடச்சுடக் கோப்பியும் இருந்தன.

குருசுமுத்து உட்காரவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் பிந்திவிட்டேன். பிழை முழுதும் என்னுடையது. மனைவிக்கு ஒன்றும் தெரியாது. அவள் சீலை தைக்கிறாள். தயவுசெய்து எங்களை வீட்டிலிருந்து எழுப்பிவிடாதீர்கள்."

கிர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"எழுப்புவதா? லூர்தம்மா மார்ச் மாதமே எழுதிவிட்டாள். கையெழுத்தும் முடிந்துவிட்டது."

லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். புது ஒப்பந்தம். வாடகைக்காரர் என்ற இடத்தில் லூர்தம்மாவின் பெயர். கீழே சின்ன எழுத்தில், 'உடன் வசிப்பவர்: கணவர்.' பெயர்கூட இல்லை.

"உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். 'அவர் தபாலில் போட்ட கடிதம் வந்து சேரட்டும்' என்றாள்." கிர்ஸ்டன் பார்சலைத் திறந்து எண்ணினாள். "பதினெட்டு. இருபதில் இரண்டு வழியில் குறையும் என்று லூர்தம்மா காலையில் போனில் சொன்ன கணக்கு சரி."

திரும்பி வந்தவர், பையில் சாவி இருந்தும், தன் வீட்டு வாசலில் நின்று மணியை அடித்தார்.

"என்னப்பா, திறப்பு இல்லையோ?"

"இருக்கு. வீடு உம்மட பேரிலயெல்லோ. கேட்டிட்டு வாறதுதானே முறை."

லூர்தம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அந்தப் பெட்டி இருந்த இடத்தைத் தாண்டித்தானே நான் ஒவ்வொரு நாளும் சைக்கிளில வேலைக்குப் போறன்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்களே வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். ரெண்டு மாதமாப் பாத்தன். சீலையையும் பிடிக்க வைச்சுப் பாத்தன். நீங்கள் அல்சர்க்காரரைக் கொண்டுவந்தியள்."

குருசுமுத்து சப்பாத்தைக் கழற்றி, ஒரு நாளும் இல்லாத வழக்கமாக, இரண்டையும் நேராக அடுக்கிவைத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பிழைதான் லூர்து. இப்ப... என்ர பேரையும் அந்தத் தாளில ஒரு மூலையில போடேலாதோ?"

"போடலாமாம். ஆள் நம்பிக்கையான ஆள் எண்டு நான் ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதுமாம்."

"அப்ப எழுதுமன்!"

"பொய் எழுதேலாதப்பா. முதல் இந்த மூண்டு வருசம் போகட்டும், பாப்பம்."