எந்தப் பல்லில் ஆரம்பித்தேன்?

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதனால் நான் மட்டும் கஷ்டப்பட்டால் பரவாயில்லை; பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து படுவார்கள்.

கோவில்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். ஒருநாள் விடியற்காலை அடித்த காற்றில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று கேட்டுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன் அன்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. அவர் மனைவி கன்னியம்மா அக்கா எங்கிருந்தோ மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அது மரத்தை அறுக்காமல் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

"செயின் மழுங்கிட்டுக்கா. நான் தீட்டித் தாரேன்" என்றேன். (மொபைலில் வீடியோ பார்த்திருந்தேன். பாதி.)

செயினில் ஒரு பல் இடப்பக்கம் பார்க்கும், அடுத்தது வலப்பக்கம். ஒன்றுவிட்டு ஒன்றாக இடப்பக்கப் பற்களை அரத்தால் தீட்டி, ஒரு சுற்று முடிந்ததும் மற்ற பக்கத்துக்கு மாற வேண்டும். ஆரம்பித்த பல்லில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். நான் வைக்கவில்லை. ஞாபகம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாதியில் சூப்பர்வைசர் போன் செய்து ஓ.டி. வருகிறாயா என்றார். பேசிவிட்டுத் திரும்பினால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இளித்தன. சரி, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் எது?

"இன்னா தம்பி, முடிஞ்சிதா?"

"கடைசிப் பல்லுக்கா."

"அர மணி நேரமா அத்தத்தான சொல்லிகினு கீற."

அறைத்தோழன் பாலு, எங்கள் ஊர்க்காரன், பக்கத்தில் குத்தவைத்தான்.

"ஒனக்கு கம்பெனில என்ன வேலலே?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

"பாத்து முடிச்ச பீஸ்ல என்ன செய்வ?"

"பச்சை மார்க்கர்ல புள்ளி வைப்பேன்."

அவன் என் சட்டைப் பையை மட்டும் பார்த்தான். மார்க்கர் அங்கேதான் இருந்தது.

இடப்பக்கப் பற்கள் நான்கு சுற்று தீட்டுப்பட்டுத் தேய்ந்துபோயின. வலப்பக்கத்தை நான் தொடவே இல்லை. மெஷினை மரத்தில் வைத்ததும் அது நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்து உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது.

வேறு வழியில்லை. அண்ணனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டினோம். நாற்காலியிலிருந்து அவர் நிதானமாகக் கேட்டார்: "மரத்த நவுத்த சொன்னா என்ன நவுத்திகினு போறீங்களேடா."

அக்கா திட்டவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தார். திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்துக் கோவில்பட்டியில் எனக்குக் கல்யாணம். அண்ணனும் அக்காவும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்க, நான் தாலிக்கயிற்றை எடுத்து முதல் முடிச்சைப் போட்டபோது, முன்வரிசையிலிருந்து தேவராஜ் அண்ணனின் குரல் கேட்டது.

"தம்பி, எண்ணிகினு போடு."

பாலு சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் நான் போட்டது இரண்டு முடிச்சா, மூன்று முடிச்சா என்று சந்தேகம் வந்துவிட்டது. என் மனைவிக்குத் தெரியும். எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம், "ரெண்டுதான்" என்கிறாள்.